பழைய மெட்டலை எடைக்குப் போடாதீர்கள்

இன்ஜினைப் பிரித்து முழு வேலையும் பார்த்த என் டீசல் கார், 3,000 கிலோமீட்டர்கூட ஓடியிருக்காது. உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டிக் கணவாய் ஏற்றத்தில் அடியிலிருந்து ‘தொம் தொம்’ என்று தட்டியது. மதுரைக்குத் திரும்பியதும் பட்டறையில் ஆயிலின் மேல் பழியைப் போட்டு, புது மெட்டல் மாட்டி அனுப்பினார்கள். கழற்றிய மெட்டல் பழைய இரும்போடு எடைக்குப் போய்விட்டது. நான்கே மாதத்தில் மறுபடி அதே சத்தம்.

கழற்றிய மெட்டலை எடைக்குப் போட்டதுதான் முதல் தவறு. ‘மெட்டல்’ என்று பட்டறையில் சொல்வது, பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கைத் தாங்கும் அரைவட்டத் தகடுகளை. பலவற்றில் எஃகு முதுகு, அதன்மேல் செம்புக் கலவை, அதற்கும் மேலே சுமார் 0.02 மி.மீ. தடிமனில் மென்மையான பூச்சு. நன்றாக ஓடும் இன்ஜினில் கிராங்க் இந்தத் தகட்டைத் தொடுவதே இல்லை; ஆயில் படலத்தின்மேல் மிதக்கிறது. சீக்கிரம் தேய்ந்துவிட்டதென்றால் படலம் எங்கோ அறுந்திருக்கிறது. எங்கே என்பதைத் தகடுதான் சொல்ல வேண்டும். ஆகவே கழற்றியதும் துடைக்காமல், எந்த சிலிண்டர், மேலா கீழா என்று முதுகில் எழுதி வரிசையாக அடுக்கிவையுங்கள்.

பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கன்ராடில் மேல் தகடும், இன்ஜின் உடலான பிளாக்கில் கிராங்கைத் தாங்கும் மெயினில் கீழ்த் தகடும்தான் எரிப்பின் அடியை வாங்குகின்றன. அங்கே சற்றுக் கூடுதலாகத் தேய்ந்திருந்தால் பதற வேண்டாம். ஒரே ஒரு கன்ராடில் மேல் தகட்டின் இடது ஓரமும் கீழ்த் தகட்டின் வலது ஓரமும் தேய்ந்திருந்தால் அந்தக் கன்ராடு வளைந்திருக்கிறது. எத்தனை முறை மெட்டல் மாற்றினாலும் தீராது. நடு மெயின்கள் மட்டும் செம்பு தெரியும் அளவு தேய்ந்திருந்தால் கிராங்கின் வளைவையும் பிளாக்கின் நேரையும் சோதியுங்கள். தகட்டின் முதுகில் ஒரு புள்ளி, முன்பக்கம் அதே இடத்தில் மினுக்கம் என்றால் பூட்டும்போது உள்ளே ஒரு துகள் மாட்டியிருக்கிறது. சுற்றுவாக்கில் கோடு கோடாகக் கீறல், நடுவே பதிந்த துகள்கள் என்றால் ஆயிலோடு அழுக்கு ஓடியிருக்கிறது. என் காரில் இரண்டாம் முறை கழற்றியபோது எல்லாத் தகடுகளிலும் இருந்தது இந்தக் கீறல்தான்.

புதிதாகப் பூட்டிய இன்ஜினுக்குள் அழுக்கு எப்படி வந்தது? தேய்ந்த பரப்பைச் சீராக்கும் கிரைண்டிங் முடிந்து வந்த கிராங்கை டீசலில் கழுவி, காற்றடித்துப் பூட்டிவிடுகிறார்கள். அதன் உள்ளே ஓடும் ஆயில் துளைகளின் வாயை அடைத்திருக்கும் பிளக்குகளை யாரும் கழற்றுவதில்லை. கிரைண்டிங் தூள் அந்த முட்டுச்சந்தில்தான் போய் ஒளிகிறது. ஆயில் பில்ட்டரைத் தாண்டிய பிறகே கிராங்குக்குள் போகிறது. அங்கே கிளம்பும் தூளைத் தடுக்க மெட்டலுக்கு முன்னால் வேறு காவல் கிடையாது. பிளக்கைக் கழற்றி, நீளப் பிரஷ் விட்டு, சோப்புத் தண்ணீரில் கழுவி உலர்த்தி, உடனே ஆயில் தடவ வேண்டும். பிளாக்கின் ஆயில் பாதைக்கும் இதே வைத்தியம். வேப்பமர நிழலில், மண் தரையில் பூட்டியும் நன்றாக ஓடிய இன்ஜின்களை நானும் பார்த்திருக்கிறேன். அந்த அதிர்ஷ்டத்தை நம்பி இதைத் தவிர்க்காதீர்கள்.

அடுத்தது அளக்காமல் பூட்டுவது. ‘0.25 அண்டர்சைஸ்’ (0.25 மி.மீ. மெலிந்த கிராங்குக்கானது) என்று டப்பாவில் போட்டிருப்பதால் மட்டும் கிராங்குக்கும் மெட்டலுக்கும் உள்ள இடைவெளி சரியாகிவிடாது. 50 மி.மீ. விட்டமுள்ள கிராங்குக்கு ஏறத்தாழ 0.05 மி.மீ. ஆயில் இடைவெளி என்பது பொதுக் கணக்கு. தயாரிப்பாளர் கையேட்டில் இருப்பதே முடிவு. கையால் சுற்றிப் பார்த்து ‘டைட்டாக இருக்கிறது’, ‘லூசாக இருக்கிறது’ என்று சொல்வது அளவாகாது. இடைவெளியைக் குறைக்க, தகட்டைப் பிடித்திருக்கும் மூடியான கேப்பை அரம் போட்டுத் தேய்ப்பவரிடம் வண்டியைக் கொடுக்கவே வேண்டாம்.

டாஷ்போர்டில் ஆயில் விளக்கு எரியவில்லை என்று நிம்மதியாக இருப்பதும் தவறு. ஆயில் அழுத்தம் அநேகமாக இல்லாமல் போன பிறகுதான் அது எரியும். இன்ஜினில் அந்த விளக்குக்கான சுவிட்சைக் கழற்றி, அந்த இடத்தில் அழுத்த மீட்டர் மாட்டி, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு பாருங்கள். நிமிடத்துக்கு ஒவ்வொரு 1,000 சுற்றுக்கும் 10 பி.எஸ்.ஐ. அழுத்தம் என்பது பழைய மெக்கானிக்குகளின் கணக்கு. அழுத்தம் குறைவென்று கெட்டி ஆயில் ஊற்றினால் மீட்டர் முள் ஏறும், நோய் அப்படியே இருக்கும்.

கோரிப்பாளையம் சிக்னலில் கிளட்சை மிதித்தபடியே காத்திருப்பவர்கள், கிராங்க் முன்பின் நகராமல் தடுக்கும் திரஸ்ட் வாஷரையும் பார்த்துக்கொள்ளட்டும். கிளட்ச் தள்ளும் முழு அழுத்தத்தையும் வாங்குவது அதுதான். அதைத் திருப்பி மாட்டினாலும் சீக்கிரம் போய்விடும். பள்ளக்கோடுள்ள முகம் கிராங்கைப் பார்க்க வேண்டும்.

மூன்றாம் முறை வேறொரு பட்டறையில் கிராங்கின் பிளக்குகளை என் கண்முன்னே கழற்றச் சொன்னேன். வெள்ளைத் துணியில் தட்டியபோது ஒரு சிட்டிகை கறுப்புத் தூள் விழுந்தது. பட்டறைப் பெரியவர் காந்தத்தை அருகே கொண்டுபோனார். அதில் பாதி எழுந்து நின்றது.