பெங்களூரில் இருந்தபடியே ஹியூகோ விருதுக்கு வாக்களிப்பது எப்படி?

அறிவியல் புனைகதை படிக்கும் நண்பர்களிடம் ஹியூகோ விருதைப் பற்றிப் பேச்செடுத்தால், "அதை அமெரிக்காவில் ஏதோ நடுவர் குழு கொடுக்கிறது இல்லையா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நடுவர் குழு கிடையாது. உலக அறிவியல் புனைகதை மாநாட்டின் உறுப்பினர்கள், அதாவது வாசகர்கள், வாக்களித்துக் கொடுக்கும் விருது அது. முதன்முதலில் 1953-இல் பிலடெல்ஃபியா மாநாட்டில் வழங்கினார்கள். மாநாட்டுக்கு நேரில் போக வேண்டியதில்லை. அல்சூரில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துதான் நான் வாக்களிக்கிறேன்.

முதல் ஆண்டு இரண்டு இடங்களில் தடுமாறினேன். ஒன்று சிறியது, இன்னொன்று என் வாக்கையே வீணாக்கியது. அவற்றையும் சேர்த்து எழுதுகிறேன்.

1. உறுப்பினர் ஆவது

மாநாடு ஆண்டுதோறும் ஊர் மாறும். 2023-இல் செங்டு, 2024-இல் கிளாஸ்கோ, 2025-இல் சியாட்டில், 2026-இல் அனாஹைம். அந்தந்த ஆண்டுக்குத் தனி இணையதளம் இருக்கும். போன ஆண்டுத் தளத்தில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். அங்கே 'டபிள்யூ.எஸ்.எஃப்.எஸ். உறுப்பினர்' (உலக அறிவியல் புனைகதைச் சங்க உறுப்பினர்) என்ற வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வாக்களிக்க அது போதும். கட்டணம் சுமார் 50 டாலர். சர்ச் தெருப் பழைய புத்தகக் கடைகளில் அந்தப் பணத்துக்கு ஒரு பை நிறையப் புத்தகம் வாங்கலாம் என்பது உண்மைதான். ஆனால் இந்தப் பணத்துக்கும் புத்தகங்கள் வரும். அதைப் பிறகு சொல்கிறேன்.

தேதி முக்கியம். ஜனவரி 31-க்குள் சேர்ந்தால் முன்மொழியவும் செய்யலாம் (இறுதிப் பட்டியலுக்குப் படைப்புகளைப் பரிந்துரைப்பது), அந்தப் பட்டியலுக்கு இறுதி வாக்கும் போடலாம். அதற்குப் பிறகு சேர்ந்தால் இறுதி வாக்கு மட்டும்தான். போன ஆண்டு உறுப்பினராக இருந்தவர் இந்த ஆண்டு பணம் கட்டாமலே முன்மொழியலாம், ஆனால் இறுதி வாக்கு அவருக்குக் கிடையாது. முன்மொழியும் பக்கம் திறந்ததைப் பார்த்து, வாக்கும் இருக்கிறது என்று நம்பி ஏமாறுபவர்கள் உண்டு.

நான் தடுமாறிய சிறிய இடம் இதுதான்: படிவத்தில் 'கடைசிப் பெயர்' என்று ஒரு கட்டம் கட்டாயமாக இருக்கலாம். நமக்கு ஏது கடைசிப் பெயர்? இனிஷியலை மட்டும் போட்டால் சில படிவங்கள் ஏற்பதில்லை. நான் அப்பா பெயரை முழுதாக எழுதினேன். ஆண்டுதோறும் அதே எழுத்துக்கூட்டலில் எழுதிவருகிறேன். மின்னஞ்சல் முகவரியையும் மாற்றாமல் வைத்திருங்கள். வாக்களிக்கும் இணைப்பு அதற்குத்தான் வரும்.

2. ஆண்டு முழுவதும் ஒரு நோட்டு

முன்மொழிவு தொடங்கிய பிறகு, போன ஆண்டு என்ன படித்தோம் என்று யோசித்தால் கடைசியாகப் படித்த மூன்று கதைகள்தான் நினைவில் நிற்கும். பிப்ரவரியில் படித்து நெஞ்சை அள்ளிய கதையின் தலைப்புகூட மறந்திருக்கும். ஆகவே படிக்கப் படிக்கக் குறித்துவையுங்கள். கணினியில் அட்டவணை போட்டுப் பார்த்தேன். ஒரு மாதம்கூடத் தொடரவில்லை. இருநூறு பக்க நோட்டுதான் எனக்குச் சரிப்பட்டது. கோடு போட்டு நான்கு பத்திகள்: தலைப்பு, வெளிவந்த இதழ், வெளிவந்த மாதம், சொல் எண்ணிக்கை. ஓரத்தில் ஒரே ஒரு வரி, கதை என்னை என்ன செய்தது என்று. அந்த ஒரு வரி எட்டு மாதம் கழித்துக் கதையை அப்படியே திருப்பிக் கொண்டுவந்து நிறுத்துகிறது.

சொல் எண்ணிக்கை எதற்கு? பிரிவைத் தீர்மானிப்பதே அதுதான். 7,500 சொற்களுக்குக் கீழே என்றால் சிறுகதை. 7,500 முதல் 17,500 வரை நாவலெட், நம் ஊர்க் கணக்கில் நெடுங்கதை. 17,500 முதல் 40,000 வரை குறுநாவல். அதற்கு மேல் நாவல். கிளார்க்ஸ்வேர்ல்டு இதழ் கதைகளோடு சொல் எண்ணிக்கையையும் போட்டுவிடுகிறது. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்வது அந்த இதழையும் ஸ்ட்ரேஞ்ச் ஹொரைசன்ஸையும்தான். இரண்டையும் இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். ஸ்ட்ரேஞ்ச் ஹொரைசன்ஸில் உலகின் பல மூலைகளிலிருந்தும் எழுதுகிறார்கள்.

3. முன்மொழிவது

இது எளிது. ஒவ்வொரு பிரிவிலும் ஐந்து பெயர் வரை எழுதலாம். வரிசைக்கு மதிப்பில்லை. அதிக ஆதரவு பெற்ற ஆறு படைப்புகள் இறுதிப் பட்டியலுக்குப் போகும். எல்லாப் பிரிவையும் நிரப்ப வேண்டியதில்லை. படிக்காததைப் புகழுக்காக எழுதாதீர்கள். எனக்குத் திரைப்படம், தொலைக்காட்சித் தொடர் போன்றவற்றுக்கான பிரிவுகளில் ஆர்வம் குறைவு, விட்டுவிடுகிறேன்.

சிறந்த ரசிக எழுத்தாளர், சிறந்த ரசிகர் இதழ் என்றும் பிரிவுகள் உண்டு. ஊதியம் இல்லாமல், படித்த கதையைப் பற்றி அக்கறையோடு எழுதுகிறவர்களுக்கான இடம் அது. ரசிகர்களே எழுதி, ரசிகர்களே பராமரிக்கும் புனைவுக் காப்பகமான 'ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்' 2019-இல் ஹியூகோ பெற்றது. வாசகரின் உழைப்பையும் மதிக்கும் விருது என்பதாலேயே இதன் மீது எனக்கு இத்தனை பற்று.

தமிழ் வாசகர்கள் கவனிக்க வேண்டிய விதி ஒன்று இருக்கிறது. வேறு மொழியில் வெளிவந்த படைப்பு, ஆங்கிலத்தில் முதன்முதலாக மொழிபெயர்ந்து வெளியாகும் ஆண்டில் மறுபடியும் தகுதி பெறும். லியு சிக்சினின் 'த்ரீ பாடி பிராப்ளம்' நாவல் சீன மொழியில் 2006-இல் தொடராக வந்தது. ஆங்கிலத்தில் 2014-இல் வந்தது, 2015-இல் ஹியூகோ வென்றது. 'அரூ' இதழின் அறிவியல் சிறுகதைப் போட்டி வழியாகத் தமிழில் எத்தனை நல்ல கதைகள் வந்தன! அவற்றில் ஒன்று நாளை ஆங்கிலத்தில் வந்தால், அதை முன்மொழியப் போகிறவர்கள் யார்? நாம்தான். அதற்காகவே என் நோட்டின் பின்பக்கத்தில், தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும் கதைகளுக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன்.

4. வாக்காளர் தொகுப்பு

இறுதிப் பட்டியல் வந்த பிறகு, பட்டியலில் உள்ள பல படைப்புகளைப் பதிப்பாளர்கள் மின்நூலாக வாக்காளர்களுக்குத் தருகிறார்கள். முன்பு சொன்ன புத்தகங்கள் இவைதான். எல்லாமே முழுதாக வரும் என்று உத்தரவாதம் இல்லை. சிலவற்றில் ஒரு பகுதி மட்டும் இருக்கும். சிறுகதைகளிலிருந்து தொடங்குங்கள். ஆறு சிறுகதைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம். ஆறு நாவல்களுக்கு இரண்டு மாதம் வேண்டும். வாக்கெடுப்பு முடியும்வரைதான் இறக்கிக்கொள்ள முடியும், தள்ளிப்போடாதீர்கள்.

5. வரிசைப்படுத்துவது: என் வாக்கு வீணான இடம்

நம் தேர்தலில் ஒருவருக்கு ஒரு வாக்கு. இங்கே ஆறு படைப்புகளுக்கும் 1, 2, 3 என்று வரிசை எண் கொடுக்க வேண்டும். முதல் ஆண்டு நான் சிறுகதைப் பிரிவில் எனக்குப் பிடித்த ஒரே கதைக்கு 1 போட்டுவிட்டு மற்றவற்றை வெறுமையாக விட்டேன். இரண்டாமிடம் கொடுத்தால் அது என் முதல் தேர்வுக்கு எதிராகப் போய்விடும் என்று நினைத்தேன். அது தவறு. விருது விழா முடிந்ததும் முழு எண்ணிக்கையை வெளியிடுவார்கள். அதில் பார்த்தால் என் கதை முதல் சுற்றிலேயே நீங்கியிருந்தது. அதன் பிறகு நடந்த எந்தச் சுற்றிலும் என் வாக்கு இல்லை.

எண்ணும் முறையை வீட்டில் இப்படித்தான் விளக்குகிறேன். ஞாயிறு காலைச் சிற்றுண்டிக்கு ஒன்பது பேர். நான்கு பேருக்குப் பொங்கல், மூன்று பேருக்கு இட்லி, இரண்டு பேருக்குப் பூரி. ஐந்து வாக்கு வந்தால்தான் பெரும்பான்மை, யாருக்கும் வரவில்லை. கடைசியில் இருக்கும் பூரியை நீக்குகிறோம். பூரி கேட்ட இருவரும் இரண்டாவதாக இட்லி என்று எழுதியிருந்தால், இட்லிக்கு ஐந்து, இட்லி வெல்கிறது. அவர்கள் இரண்டாவது எதையும் எழுதாமல் விட்டிருந்தால், நான்குக்கு மூன்று என்று பொங்கல் வென்றுவிடும். பூரி இருக்கும்வரை அந்த இரண்டாவது தேர்வை யாரும் பார்ப்பதே இல்லை. அதனால் உங்கள் இரண்டாம் தேர்வு முதல் தேர்வை ஒருபோதும் கெடுக்காது.

பட்டியலில் 'நோ அவார்டு' என்று ஒரு வரி இருக்கும். 'இதற்குக் கீழே உள்ளவற்றுக்குக் கொடுப்பதைவிட விருதே வேண்டாம்' என்று பொருள். 2015-இல் ஒரு குழு 'இவற்றையே முன்மொழியுங்கள்' என்று பட்டியல் போட்டு முன்மொழிவுகளை நிரப்பியபோது, வாக்காளர்கள் ஐந்து பிரிவுகளில் இதையே வெல்ல வைத்தார்கள். பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் நான் இதை மேலே போடுவதில்லை. தரம் போதாது என்று உறுதியாகத் தோன்றினால் போடுகிறேன். அதற்குக் கீழேயும் வரிசை எண் கொடுக்கலாம், கொடுங்கள்.

இதை எழுதும்போது சுஜாதா நினைவுக்கு வருகிறார். தமிழ் வாசகர்களை அறிவியல் புனைகதைக்குப் பழக்கிய அவர், இதே ஊரின் ஜாலஹள்ளியில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் பங்கேற்றவர்.

பிற்சேர்க்கை 1

பணம் கட்ட முடியவில்லை என்று மூன்று வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். ரிசர்வ் வங்கியின் 2020-ஆம் ஆண்டு விதிப்படி, புதிதாக வரும் அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். வங்கிச் செயலிக்குள் போய் அதை இயக்கி, வரம்பை வைத்து, பிறகு கட்டுங்கள். பணம் போனதும் மறுபடி அணைத்துவிடுங்கள்.

பிற்சேர்க்கை 2

ஒரு வாசகர், மனைவி, மகன், மைத்துனர் பெயரிலும் சேர்த்துத் தானே நான்கு வாக்குப் போடலாமா என்று கேட்டிருக்கிறார். கூடாது. 2024-இல் கிளாஸ்கோ குழு 3,813 வாக்குச்சீட்டுகளில் 377-ஐ முறைகேடானவை என்று நீக்கியது. வீட்டில் மற்றவர்களும் படிப்பவர்கள் என்றால் அவர்களே சேர்ந்து, அவர்களே படித்து, அவர்களே வாக்களிக்கட்டும்.

பிற்சேர்க்கை 3

கடைசி நேரம் பற்றி. அமெரிக்க மேற்குக் கரை நேரப்படி கோடையில் இரவு 11.59 என்று அறிவித்தால், நமக்கு அது மறுநாள் நண்பகல் 12.29. முன்மொழிவு குளிர்காலத்தில் முடிந்தால் பிற்பகல் 1.29. அதுவரை எத்தனை முறை வேண்டுமானாலும் வரிசையை மாற்றலாம். நான் முந்தைய இரவே ஒரு வரிசையைச் சேமித்துவிடுவேன். காலையில் எழுந்து, நோட்டின் ஓரத்தில் எழுதிய ஒற்றை வரிகளை மட்டும் படித்துவிட்டு, மாற்ற வேண்டியதை மாற்றுவேன். போன முறை மூன்றாவதும் ஐந்தாவதும் இடம் மாறின.