கரிசலில் பண்ணைக்குட்டை: ஐப்பசிக்கு முன்னாலேயே வெட்டி முடித்துவிடுங்கள்

கமுதி, முதுகுளத்தூர் பக்கம் முண்டு மிளகாய் போடுகிறவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். மார்கழியோடு மழை போய்விடும், செடியில் பூவும் பிஞ்சுமாக நிற்கும், அந்த நேரத்தில் இரண்டே இரண்டு தண்ணீர் கட்ட முடிந்தால் காய்ப்பு தப்பிக்கும். போர் போடலாம் என்றால் பல ஊர்களில் உப்புத் தண்ணீர்தான் வருகிறது. ஆகவே நிலத்திலேயே ஒரு குட்டை வெட்டி, பெய்கிற மழையைப் பிடித்து வையுங்கள்.

ஒரு ஏக்கரில் 1 செ.மீ. மழை என்றால் சுமார் 40,000 லிட்டர், அதில் மண் குடித்தது போக ஓடுவதுதான் நமக்கு. 20 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழத்தில், பக்கங்களை ஒன்றுக்கு ஒன்று சரிவாக, அதாவது ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஒரு மீட்டர் உள்ளே வருகிற மாதிரி வெட்டினால் ஏறக்குறைய 4.7 லட்சம் லிட்டர் நிற்கும். அகலத்தைக் கூட்டி ஆழத்தைக் குறைக்காதீர்கள். தினம் 5 மி.மீ. ஆவியானால்கூட இந்த 300 சதுர மீட்டர் பரப்பில் 1,500 லிட்டர் போய்விடும்.

நிலத்தின் தாழ்ந்த மூலையில் இடம் பாருங்கள். வெட்டுவதற்கு முன்னால் அங்கே இரண்டடிக் குழி தோண்டி, சாயங்காலம் தண்ணீர் நிரப்பி, காலையில் போய்ப் பாருங்கள். பாதிக்கு மேல் நின்றால் சரி, சுத்தமாக வற்றியிருந்தால் அது மணல் கலந்த இடம், குட்டைக்குள் பிளாஸ்டிக் ஷீட் விரிக்காமல் பலனில்லை.

அப்புறம், வெட்டிய மண்ணைக் கரை ஓரத்திலேயே கொட்ட விடாதீர்கள். எங்கள் குட்டையில் அப்படித்தான் கொட்டினார்கள், முதல் பெருமழையிலேயே ஒரு பக்கம் முழுக்கச் சரிந்து உள்ளே வந்துவிட்டது, அள்ளுகிற கூலி தனி. மூன்றடியாவது தள்ளிக் கொட்டி, மேலே வெட்டிவேர் நடுங்கள். தண்ணீர் உள்ளே வருகிற வாயில் ஒரு சின்ன வண்டல் குழி வேண்டும், மிச்சத் தண்ணீர் வெளியேறக் கல் பதித்த கலிங்கும் வேண்டும், இல்லையென்றால் கரை உடையும்.

பாய்ச்சும்போதுதான் மனசைக் கட்டுப்படுத்த வேண்டும். இலை லேசாக வாடியதும் மோட்டாரைப் போடாதீர்கள். மத்தியானம் வாடி, சாயங்காலம் நிமிர்ந்தால் செடிக்கு இன்னும் தண்ணீர் இருக்கிறது. காலையிலும் தொங்கினால் கட்டுங்கள். ஒரு ஏக்கர் முழுக்க 5 செ.மீ. நிறுத்தினால் 2 லட்சம் லிட்டர் காலி. பார் பிடித்து, அதாவது மேட்டு வரிசையில் நட்டிருந்தால், இடையில் இருக்கிற பள்ளமான சால்களில் ஒன்று விட்டு ஒன்றில் தண்ணீர் விடுங்கள், கிட்டத்தட்ட பாதியில் முடியும். சொட்டுநீர் போட்டால் இன்னும் மிச்சம். சிறு, குறு விவசாயி சான்று இருந்தால் தமிழ்நாட்டில் 100 சதவீத மானியம் உண்டு. குட்டைத் தண்ணீரில் பாசி இருக்கும், அதனால் வடிகட்டியை ஒவ்வொரு முறையும் கழுவுங்கள், குழாயின் கடைசி மூடியைத் திறந்து தெளிந்த தண்ணீர் வரும்வரை ஓட விடுங்கள்.