சயனோடைப்: அளவோட சேர்த்து தண்ணியையும் சொல்லிக்குடுங்கோ

சயனோடைப் எண்டு வெயிலில நீலப்படம் எடுக்கிற முறையை ஜோன் ஹேர்ஷல் எண்ட இங்கிலாந்து விஞ்ஞானி 1842லயே வெளியில சொல்லிப்போட்டார், அதில ரகசியம் ஒண்டும் இல்ல. பிறகு ஏன் புதுசா செய்யிற பெடியளுக்குப் படம் வெளிறிப் போகுது எண்டா, அளவு சொல்லுற ஆக்கள் கைப்பழக்கத்தைச் சொல்லுறேல்ல.

அளவு இதுதான். பச்சை ஃபெரிக் அமோனியம் சிட்ரேட் 25 கிராம், 100 மில்லிலீட்டர் தண்ணியில கரைச்சு ஒரு போத்தல். பொட்டாசியம் ஃபெரிசயனைட் 10 கிராம், அதே 100 மில்லிலீட்டர்ல மற்றப் போத்தல். பூசப்போற நேரம் மட்டும் சரிபாதியா கலந்து, மங்கின மஞ்சள் பல்புக்குக் கீழ தடிச்ச வோட்டர்கலர் பேப்பர்ல பூசி இருட்டுக்க காயவிடுங்கோ. கையுறை கட்டாயம். ஃபெரிசயனைட்டைச் சூடாக்காதேங்கோ, கடும் அசிட் கிட்டவும் கொண்டுபோகாதேங்கோ, நச்சு வாயு வரும்.

கச்சான் காத்து வீசேக்க திருகோணமலையில பேப்பர் கெதியாக் காயும், மாரியில ஈரம் விடாது, அப்ப அவசரப்பட்டு நெகட்டிவையோ இலையையோ மேல வைச்சா ஒட்டிப் பழுதாயிடும். மத்தியான வெயில்ல ஒரு வேப்பங்கொத்தை பேப்பர்ல வைச்சு மேல கண்ணாடியால அமத்திவிட்டு, பூசின இடம் பச்சையில இருந்து நீலமாகி பிறகு ஒரு ஊத்தைச் சாம்பல் நிறம் வரும்வரைக்கும் விடுங்கோ. மணிக்கூட்டை விட அந்த நிறத்தை நம்புங்கோ.

இனி, வெயில் காட்டின படத்தைக் கழுவுற தண்ணி. என்ர முதல் படம் கழுவேக்க நல்ல நீலம், சின்னச் சின்ன இலையின்ர வாள்ப்பல்லு மாதிரி விளிம்பு கூடத் தெளிவா நிண்டது, அப்பிடியே கிணத்துத் தண்ணியில ஊறவிட்டுட்டு தேத்தண்ணி குடிச்சுப்போட்டு வந்து பாத்தா ஓரத்தில இருந்து நீலம் வெளிறி மஞ்சளாப் போய்க்கொண்டிருக்கு. கனகாலமா இதைச் செய்யிற ஒரு அண்ணரிட்டக் கேட்டன், "அதெல்லாம் அனுபவத்தில வரும் தம்பி" எண்டிட்டார். ரெண்டு மாசம் பேப்பரைப் பாழாக்கித்தான் கண்டுபிடிச்சன், எங்கட கிணத்துத் தண்ணியில சுண்ணாம்பு கூட, காரத்தன்மை நீலத்தைத் தின்னும். மழைத்தண்ணி பிடிச்சுக் கழுவுங்கோ, இல்லாட்டி முதல் வாளிக்குள்ள ஒரு தேசிக்காய் பிழியுங்கோ. ஒரே ஒரு வசனம், அதைச் சொல்ல அவருக்கு என்ன குறைஞ்சிருக்கும் எண்டு இண்டைக்கும் எனக்கு விளங்கேல்ல.

காசுக்கு வகுப்பு எடுக்கிறவர் காசு கேக்கிறது நியாயம், நான் அவையளைச் சொல்லேல்ல. ஆனா டால்பட் எண்டவர் பேப்பரில நெகட்டிவ் எடுக்கிற தன்ர கலோடைப் முறைக்கு 1841ல பேட்டன்ட் எடுத்து மற்றவையிட்டக் காசு கேட்டவர், ஃப்ரெடெரிக் ஸ்கொட் ஆர்ச்சர் 1851ல, கண்ணாடியில மருந்து பூசி ஈரம் காயமுந்திப் படம் எடுக்கிற வெட் பிளேட் முறையை பேட்டன்ட் இல்லாமலே அச்சில போட்டவர். உலகம் ஆர்ச்சரின்ர வழியிலதான் போச்சு. அவர் 1857ல வறுமையிலதான் செத்தவர், அதால சொல்லித்தந்த ஆளின்ர பேரை மறக்காமச் சொல்லுங்கோ.

ஒரு இடத்தில மட்டும் நானும் வாய் திறக்கமாட்டன். வெட் பிளேட்ல ஈத்தர் இருக்கு, சட்டெண்டு தீப்பிடிக்கும், சிலபேர் படம் நிலைச்சு நிக்க சயனைட் எண்ட கடும் நஞ்சால ஃபிக்ஸ் பண்ணுறவை. அதுகளின்ர அளவை வாட்ஸப்ல அனுப்பாதேங்கோ, ஆளைக் கூப்பிட்டு பக்கத்தில நிண்டு காட்டுங்கோ.

மற்றதெல்லாத்தையும் படத்தின்ர பின்பக்கம் பென்சிலால எழுதுங்கோ: என்ன பேப்பர், எந்தத் தண்ணி, எத்தினை நிமிசம், என்ன பிழைச்சது. ஆரும் கேட்டா முன்பக்கத்தோட அந்தப் பின்பக்கத்தையும் சேர்த்து அனுப்புங்கோ.