சிறையில் கோஷ்டி மோதல்: சேர்க்கை நாளிலேயே தடுப்பது எப்படி?

ராமநாதபுரம் கரையோரச் சிறைகளில் புதிதாகப் பொறுப்பேற்கும் காவலர், கோஷ்டி மோதல் என்றதும் தடியையும் தனி அறையையும் நினைப்பது இயல்பு. ஆனால் பெரும்பாலான மோதல்களுக்கான வித்து, கைதி உள்ளே வரும் முதல் ஒரு மணி நேரத்தில் விழுகிறது.

பெயர், ஊர், வழக்கு எண் ஆகியவற்றை எழுதியதோடு நிறுத்தாமல், அவரைத் தனியே உட்கார வைத்து, எதிர்த்தரப்பினர் யார், அவர்களின் உறவினர் எவரேனும் இங்கே அடைபட்டிருக்கிறார்களா என்று கேட்க வேண்டும். பிறர் காதில் விழும்படி கேட்டால், "அப்படி யாரும் இல்லை சார்" என்ற பதில்தான் வரும். அவர் சொன்னதைக் காவல் நிலையத் தகவலோடு ஒத்துப் பார்த்த பின்னரே பிளாக் ஒதுக்க வேண்டும்.

சாதிவாரியாக அடைத்தால் சண்டை வராது என்பது பழைய குறுக்குவழி. பாளையங்கோட்டை மத்திய சிறையில் அந்த வழக்கம் இருந்தும், 2021 ஏப்ரலில் விசாரணைக் கைதி ஒருவர் சக கைதிகளால் கொல்லப்பட்டார். சிறைகளில் சாதிப் பாகுபாடு செல்லாது என்று 2024 அக்டோபர் 3 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், கைதிகள் பதிவேட்டிலுள்ள சாதிக் கலத்தையும் நீக்கச் சொன்னது. பிரிக்க வேண்டியது பகையாளிகளை; அவர்கள் ஒரே தெருவைச் சேர்ந்த பங்காளிகளாகவும் இருக்கலாம்.

அடுத்துக் கவனிக்க வேண்டியவர், உறவினர் வந்து சந்திக்கும் மனு நாளில் பார்க்க ஆள் வராதவர். எங்கள் கரையில் கடத்தல்காரர்களுக்காகக் கடல் அட்டையையோ பீடி இலையையோ கூலிக்குச் சுமந்து பிடிபட்ட இளைஞருக்கு, சோப்பும் பீடியும் கொடுத்து, வக்கீல் வைத்துத் தருவதாகவும் சொல்லும் ஆள் இரண்டே நாளில் அண்ணன் ஆகிவிடுவார். அந்தக் கடன்தான் பின்னர் அடிதடியில் கழிக்கப்படுகிறது. எனவே முதல் வாரத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞரை அவர் சந்திக்க ஏற்பாடு செய்ய வேண்டும். மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்கதல்லாத குற்றத்தில், வேறு வழக்கு நிலுவையில் இல்லாத, இதற்கு முன் எந்தக் குற்றத்திலும் தண்டனை பெறாத விசாரணைக் கைதி, உச்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்குக் காலத்தைக் கழித்துவிட்டால், அவரை விடுவிக்கக் கோரி நீதிமன்றத்துக்கு எழுதுவது, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479ஆம் பிரிவின்படி சிறைக் கண்காணிப்பாளரின் கடமை.

சோதனையின்போது பாயை உதறினால் மட்டும் போதாது. குழாயடிச் சிமெண்டுத் தரையில் புதிதாக ஒரு வெளிறிய கோடு தெரிந்தால், யாரோ கரண்டிக் காம்பைத் தீட்டியிருக்கிறார் என்று பொருள். அன்றே அந்த பிளாக்கில் கரண்டிகளை எண்ண வேண்டும். வாய்தா நாளில், சேர்க்கையின்போது குறித்த பகைப் பட்டியலை, கைதிகளை நீதிமன்றத்துக்கு அழைத்துச் செல்லும் வழிக்காவலரிடம் கொடுத்தனுப்ப வேண்டும். உள்ளே பிரித்து வைத்தவர்கள் வேனில் ஒரே இருக்கையில் உட்காரக் கூடாது.