மலைப்பாதையில் மின்காரின் திரை அணைந்துவிட்டால்

மின்காரின் நடுவே இருக்கும் தொடுதிரை ஓடிக்கொண்டிருக்கும்போதே கறுத்துப் போனால், அடுத்த நிமிடம் காரும் நின்றுவிடும் என்ற பயம் வருவது இயல்பு. பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. மோட்டார், பிரேக், ஸ்டியரிங், ஏர்பேக் ஆகியவற்றைக் கவனிக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் தனியாக இருக்கின்றன. பாட்டு, வரைபடம், கேமராப் படம், ஏ.சி. அளவு, சார்ஜ் வரம்பு ஆகியவற்றைக் கையாளும் திரைக் கணினி வேறொன்று. பின்னது செத்தாலும் முன்னவை தம் வேலையைச் செய்துகொண்டிருக்கும். கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் இது வெறும் தொந்தரவு. நீலகிரியின் வளைவுகளில் அப்படிச் சொல்லிவிட முடியாது. திரையோடு சேர்ந்து போகிற வசதிகளில் சில, மலையில்தான் மிகவும் தேவைப்படுகின்றன.

ஒரு ஜூலை மாத மாலையில் குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும்போது, பர்லியாறுக்குச் சற்று மேலே எனக்கு இது நேர்ந்தது. திரை அணைந்ததைவிட, அதோடு ஏ.சி.யும் நின்றுபோனதுதான் தொல்லை. நனைந்த குடையும் ஈரச் சேலையுமாகப் பின்னால் அத்தை உட்கார்ந்திருந்தார். மூன்று நான்கு நிமிடங்களில் முன்கண்ணாடி முழுவதும் உள்பக்கமாக வெண்ணிற ஆவி படிந்துவிட்டது. "இருப்பா, நான் துடைக்கிறேன்" என்று அவர் முந்தானையை நீட்டித் துடைத்தார். துடைத்த இடமெல்லாம் பிசுபிசுவென்று இழுபட்டு, எதிரே ஏறி வந்த லாரியின் விளக்கு கண்ணாடி முழுவதும் சிதறித் தெரிந்தது. அதற்குமேல் ஓட்டுவது முட்டாள்தனம் என்று அப்போதுதான் உறைத்தது.

ஆகவே முதல் வேலை, நிறுத்துவது. அபாய விளக்கின் பொத்தான் பெரும்பாலான கார்களில் திரைக்கு வெளியே தனியாக இருப்பதால் அது எரியும். வளைவிலோ வளைவை ஒட்டியோ நிறுத்தாமல், முன்னும் பின்னும் வருபவருக்குத் தெரியும்படியான அகலமான இடம் வரை மெதுவாகச் சென்று, பள்ளத்தின் பக்கமாக அல்லாமல் மலைச்சுவரின் பக்கமாகச் சக்கரத்தைத் திருப்பி நிறுத்த வேண்டும். பார்க்கிங் பிரேக் பிடித்திருக்கிறது என்பதைத் திரையில் பார்த்து உறுதி செய்ய முடியாத கார்களில், பிரேக் பெடலிலிருந்து காலை மெல்ல எடுத்து, கார் நகர்கிறதா என்று பார்த்த பிறகே இறங்க வேண்டும். சக்கரத்துக்கு ஒரு முட்டுக் கல் வைப்பது பழைய பஸ் ஓட்டுநர்களின் வழக்கம். மின்காருக்கும் அது கௌரவக் குறைவல்ல. புறப்படும்போது கல்லைச் சாலையிலேயே விட்டுவிட்டுப் போகக் கூடாது.

அடுத்தது திரையை மறுதொடக்கம் செய்வது. டெஸ்லா கார்களில் ஸ்டியரிங்கின் இரு பக்கமும் உள்ள உருள் பொத்தான்களை ஒன்றாக அழுத்திப் பிடித்து, திரை அணைந்து நிறுவனத்தின் சின்னம் மறுபடி தோன்றும் வரை காத்திருக்க வேண்டும். மற்ற பல கார்களில் திரையின் பவர் பொத்தானைப் பத்து வினாடிகளோ அதற்கு மேலோ அழுத்திப் பிடிப்பதே வழி. எந்தப் பொத்தான், எத்தனை வினாடி என்பது காருக்குக் கார் மாறும். கையேட்டின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக் கைபேசியில் வைத்திருங்கள். காரின் கையேடு திரைக்குள்ளேயே இருக்கிறது என்று நம்பியிருப்பவர்களுக்கு, அது தேவைப்படும் நாளில் கிடைக்காது. மறுதொடக்கத்துக்கு முன் பென்டிரைவையும் கைபேசி வயரையும் பிடுங்கிவிட வேண்டும், ஏனெனில் பழுதான ஒரு பென்டிரைவே திரையை மீண்டும் மீண்டும் முடக்கிவிடக்கூடும். அதற்கும் அசையாவிட்டால், காரைப் பூட்டிவிட்டு, சாவியோடு சற்றுத் தள்ளிப் போய் இருபது நிமிடம் காத்திருந்தால், உள்ளே இருக்கும் கணினிகள் உறக்கத்துக்குச் சென்று, பிறகு புதிதாக எழும். சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு காரின் மேல் சாய்ந்து தேநீர் குடித்தால், கார் உறங்குவதில்லை.

திரை வராமலேயே இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால், ஆவியை அடக்க ஒரே வழி காற்றோட்டம். முன் சன்னல் ஒன்றையும் அதற்கு எதிர்மூலையில் உள்ள பின் சன்னலையும் இரண்டு விரற்கடை திறந்து வைத்தால், மூச்சிலிருந்தும் ஈரத் துணியிலிருந்தும் எழும் ஈரக்காற்று வெளியேறிவிடும். உள்ளே குளிரும், தோளில் கொஞ்சம் மழையும் படும், ஆனால் கண்ணாடி தெளியும். நனைந்த குடையையும் கோட்டையும் பின்பக்க டிக்கிக்கு மாற்றிவிடுங்கள். கண்ணாடியின் உள்பக்கத்தில் எண்ணெய்ப் பசையும் தூசியும் படிந்திருந்தால் ஆவி அதில் பிடித்துக்கொள்ளும் என்பதால், மழைக்காலம் தொடங்குவதற்கு முன்பே அதைக் கழுவி, உலர்ந்த செய்தித்தாளால் துடைத்து வைப்பது நல்லது. எங்கள் மலையில் மேகம் இறங்காத ஜூன், ஜூலை கிடையாது.

இறக்கத்தில் இன்னொரு கணக்கும் உண்டு. உதகமண்டலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர், மேட்டுப்பாளையம் சுமார் 330 மீட்டர். ஆட்களோடு சேர்த்து 1,800 கிலோ எடையுள்ள கார் அவ்வளவு உயரம் இறங்கும்போது விடுபடும் ஆற்றல் ஒன்பது யூனிட் மின்சாரத்துக்கு மேல். உருளும் சக்கரமும் காற்றும் தின்றது போக, சில யூனிட்டுகள் மோட்டார் வழியாகப் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். அந்தத் திரும்புதல்தான் காரை இழுத்துப் பிடிக்கும் பிரேக்காகவும் இருக்கிறது. பேட்டரி நூறு சதவீதம் நிறைந்திருந்தால் அதற்கு இடமில்லை, பாரம் முழுவதும் சாதாரண பிரேக்கின் மேல் விழும். திரை நன்றாக இருக்கும் நாளில் சார்ஜ் வரம்பை எண்பது சதவீதத்தில் வைக்கிறோம். திரை செத்த பிறகு அந்த வரம்பை மாற்றவோ பார்க்கவோ வழியில்லாமல் போனால், கடிகாரத்தைத்தான் நம்ப வேண்டும். வீட்டுப் 15 ஆம்பியர் பிளக்கில் மணிக்கு ஏறத்தாழ மூன்று யூனிட் ஏறும். 40 யூனிட் பேட்டரியை ஐம்பதிலிருந்து எண்பது சதவீதத்துக்குக் கொண்டுபோகப் பன்னிரண்டு யூனிட், அதாவது நான்கு மணி நேரமும் இழப்புக்காகச் சற்றுக் கூடுதலும் ஆகும். அலாரம் வைத்து எழுந்து பிளக்கைப் பிடுங்க வேண்டியதுதான்.

பின்பக்கக் கேமரா இல்லாமல் பின்னால் எடுப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒருவரை இறக்கிவிட்டு, "வா, வா, போதும்" என்று சொல்லச் சொல்லுங்கள்; அவர் எந்தக் கண்ணாடியில் தெரியும்படி நிற்க வேண்டும் என்பதை முதலில் பேசிக்கொள்ளுங்கள்.

வீடு வந்து சேர்ந்த பிறகுதான் காரணம் தேட வேண்டும். முதலில் சந்தேகப்பட வேண்டியது பெரிய பேட்டரியை அல்ல, சின்ன 12 வோல்ட் பேட்டரியை. திரையும் பிற கணினிகளும் அதிலிருந்துதான் மின்சாரம் பெறுகின்றன. ஈய அமிலப் பேட்டரியாக இருந்தால், கார் சில மணி நேரம் உறங்கிய பின் மல்டிமீட்டரில் 12.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். 12-க்குக் கீழே போயிருந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது. கார் விழித்திருக்கும்போது 13.5-க்கும் 14.5-க்கும் இடையே காட்டினால், பெரிய பேட்டரியிலிருந்து சின்னதுக்கு மின்சாரம் ஊட்டும் பகுதி சரியாக இருக்கிறது என்று பொருள். ஆரஞ்சு நிற உறை போட்ட வயர்கள் எதையும் தொடக் கூடாது. அவற்றில் ஓடுவது பல நூறு வோல்ட்.

சின்ன பேட்டரி நன்றாக இருந்தும், வரைபடம் மெதுவாக விரிவது, தொடுவதற்கு அரை நிமிடம் கழித்துப் பதில் வருவது, வாரத்துக்கு ஒரு முறையாக இருந்த தானியங்கி மறுதொடக்கம் நாளுக்கு ஒரு முறையாவது என்று அறிகுறிகள் வளர்ந்துகொண்டே போனால், திரைக் கணினியின் சேமிப்புச் சில்லு தேய்கிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. டெஸ்லாவின் பழைய மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களின் திரைக் கணினியில் 8 ஜிபி அளவே கொண்ட இஎம்எம்சி என்னும் சேமிப்புச் சில்லு இருந்தது. ஃபிளாஷ் நினைவகத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் குறிப்பிட்ட எண்ணிக்கை வரைதான் அழித்து எழுத முடியும்; கணினி தன் செயல்களைப் பற்றிய குறிப்பேட்டை அதில் ஓயாமல் எழுதிக்கொண்டே இருந்ததால் சில ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை தீர்ந்துபோனது. பின்பக்கக் கேமராப் படமும், கண்ணாடியின் ஆவி நீக்கும் வசதியும், இண்டிகேட்டரின் ஒலியும் இழக்கப்படுகின்றன என்று அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு சுட்டிக்காட்டிய பின், 2021 பிப்ரவரியில் சுமார் 1,35,000 கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன.

தேய்ந்த சில்லு முழுதாகச் சாவதற்கு முன் அதிலுள்ளதைப் படித்துப் புதிய, பெரிய சில்லுக்கு நகலெடுக்க முடியும். செத்த பிறகு, அந்தக் காருக்கே உரிய ரகசியக் குறியீடுகள் உள்ளே மாட்டிக்கொள்வதால், திரைக் கணினியின் மின்சுற்றுப் பலகை முழுவதையும் மாற்றச் சொல்வார்கள். செலவில் உள்ள வித்தியாசம் பெரிது. எனவே திரை தானாகத் தேறி வந்துவிட்டது என்று மகிழ்ந்து விட்டுவிடாமல், அணைந்திருக்கும் நிலையைத் தேதியோடு வீடியோ எடுத்து, சர்வீஸ் சென்டரின் ஜாப் கார்டில் "திரை அவ்வப்போது தானாக அணைகிறது" என்று எழுதச் சொல்லி, நகலை வாங்கி வைக்க வேண்டும். என் விஷயத்தில் முதல் தடவை "மென்பொருளைப் புதுப்பித்துவிட்டோம்" என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் தடவை உத்தரவாதக் காலம் பற்றிய பேச்சு வந்தபோது, முதல் ஜாப் கார்டின் தேதிதான் கைகொடுத்தது. அதற்கும் மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதற்கு, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு.

காரை இழுத்துக்கொண்டு போக வேண்டி வந்தால், சக்கரங்கள் தரையில் படாதபடி மேலே ஏற்றிக்கொண்டு போகும் வண்டியைத்தான் கேட்க வேண்டும், ஏனெனில் மோட்டாரோடு இணைந்த சக்கரம் உருண்டால் மோட்டார் மின்சாரம் உண்டாக்கத் தொடங்கிவிடும். சில கார்களில் இழுவைக்கான நிலையைத் திரையில்தான் தேர்ந்தெடுக்க முடியும்; திரை இல்லாதபோது, பூட்டிய சக்கரத்துக்கு அடியில் வைக்கும் உருளைப் பலகைகள் தேவை என்பதை, வண்டி கீழே மேட்டுப்பாளையத்தில் இருக்கும்போதே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.

பலகையை மாற்றுவது என்று முடிவானால், பழைய பலகையில் உங்கள் வீட்டு முகவரியும், கைபேசியிலிருந்து ஏறிய தொடர்பு எண்களும், போய்வந்த இடங்களும் இருக்கின்றன என்பதை நினைவில் வைக்கவும். திரை விட்டு விட்டு வேலை செய்யும் நிலையிலேயே அவற்றை அழித்துவிட வேண்டும். அதற்கு வழியில்லையென்றால், காரோடு இணைத்த கணக்குகளின் கடவுச்சொற்களைக் கைபேசியில் மாற்றிய பிறகு சாவியை ஒப்படையுங்கள்.