குவேக்கர் ஹாஸ்டலுக்குப் பிள்ளையை அனுப்பும் முன் வீட்டிலேயே பழக்க வேண்டியவை

கடலூரில் யாரிடமாவது "பொண்ணு குவேக்கர் ஸ்கூல்ல சேர்ந்திருக்கா" என்று சொல்லிப் பாருங்கள், ஓட்ஸ் கம்பெனி ஸ்கூலெல்லாம் நடத்துதா என்று கேட்பார்கள். அந்த டப்பாவில் தொப்பி போட்டுச் சிரிக்கும் தாத்தாவுக்கும் குவேக்கர் என்கிற இந்தக் கிறிஸ்தவச் சபைக்கும் சம்பந்தமே இல்லை, நல்ல பெயராக இருக்கிறதே என்று கம்பெனி வைத்துக்கொண்டது, அவ்வளவுதான். எங்கள் மகள் ஒன்பதாம் வகுப்பை முடித்துவிட்டு அமெரிக்காவின் கிழக்குப் பக்கம் ஒரு சின்ன குவேக்கர் பள்ளியில் சேர்ந்தாள், இப்போது இரண்டாவது வருடம். ஆண், பெண் சேர்ந்து படிக்கிற பள்ளி, பாதிப் பேர் ஹாஸ்டல், மீதிப் பேர் தினமும் வீட்டிலிருந்து வந்து போகிறவர்கள். நம்ம ஊரில் ஒரு வகுப்பின் இரண்டு செக்‌ஷனில் இருக்கிற கூட்டம்தான் அங்கே மொத்தப் பள்ளியே. திருப்பாதிரிப்புலியூரில் உட்கார்ந்துகொண்டு நாங்கள் குளிருக்கும் இங்கிலீஷுக்கும் பயந்து கிடந்தோம், அது ரெண்டும் ஒரு மாதத்தில் பழகிவிட்டது. அவளைத் திணறடித்தது வேறு. சும்மா உட்காருவது, அடுத்தவர் தட்டைக் கழுவுவது, வாத்தியாரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது.

முதலில் வீட்டுப் பெரியவர்களிடம் இது என்ன சபை என்று சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் "மதம் மாத்திடுவாங்களா" என்ற கேள்வி விமானம் ஏறும் வரை ஓயாது. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பவரிடமிருந்து கிளம்பிய கூட்டம் இது, தங்களை 'நண்பர்கள்' என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். ஞானஸ்நானம் என்ற சடங்கே கிடையாது, அப்புறம் எங்கே போய் மாற்றுவது? இப்பள்ளிகளில் படிக்கிற பிள்ளைகளில் பெரும்பாலோர் குவேக்கர்களே இல்லை. ஒவ்வொரு மனிதருக்குள்ளும் கடவுளின் ஒளி இருக்கிறது என்பதுதான் அவர்கள் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரே பிடி என்று நான் சுற்றி வளைத்துச் சொல்லிக்கொண்டிருக்க, எங்கள் ஆயா "வடலூர் மாதிரிதானே, உருவம் இல்ல, வெளிச்சம்தான்" என்று முடித்துவிட்டார். வள்ளலாரும் ஃபாக்ஸும் ஒன்று என்று நான் சொல்லவரவில்லை, ஆனால் கடலூர் மாவட்டத்து ஆளுக்கு இதைவிட லேசாக யாரும் விளக்க முடியாது.

சரி, அந்த மௌனம். வாரத்துக்கு ஒரு முறையோ இரண்டு முறையோ பள்ளி மொத்தமும் ஒரு வெறும் அறையில் பெஞ்சுகளில் உட்காரும். சிலுவை, மெழுகுவர்த்தி, பாட்டு, பிரசங்கம் எதுவும் இருக்காது. இருபது நிமிடம், சில இடங்களில் முக்கால் மணி நேரம். யாருக்காவது உள்ளேயிருந்து ஏதாவது சொல்லத் தோன்றினால் எழுந்து சொல்லிவிட்டு உட்காரலாம், அதற்கு யாரும் பதில் சொல்வதில்லை, கைதட்டுவதில்லை, மறுபடி மௌனம்தான். கடைசியில் பக்கத்தில் இருப்பவருடன் கைகுலுக்கினால் முடிந்தது என்று அர்த்தம். நம்ம பிள்ளைகளுக்கு ட்யூஷனும் டிவியும் தெரியும், ஜபம் செய்யச் சொன்னால் செய்வார்கள், ஒன்றுமே செய்யாமல் இருக்கத்தான் தெரியாது. போவதற்கு இரண்டு மாதம் முன்பே ஞாயிற்றுக்கிழமை காலையில் மாடியில் வீட்டோடு உட்காருங்கள். முதல் வாரம் ஐந்து நிமிடம் போதும். ஃபோன் கீழேயே இருக்கட்டும், மூச்சை எண்ணுவதோ மந்திரமோ வேண்டாம். எங்கள் வீட்டில் முதல் நாள் மூன்றாவது நிமிடத்தில் குக்கர் விசில் அடித்தது, நாலாவது நிமிடத்தில் நானே எழுந்துவிட்டேன். பாண்டிச்சேரி பக்கம் இருப்பவர்கள் ஆசிரமத்தில் சமாதிக்கு அழைத்துப் போகலாம், அங்கே சின்னப் பிள்ளைகூட யாரும் அதட்டாமலே அமைதியாகிவிடும். ஆனால் அங்கே வணங்க ஒன்று இருக்கிறது, பூ வாசனை இருக்கிறது. வெறும் சுவரைப் பார்த்து உட்காரும் பழக்கத்துக்கு மொட்டை மாடிதான் சரி.

அப்புறம் தட்டு. வேலைக்காரர் வேறு, மாணவர் வேறு என்ற பிரிவை இந்தப் பள்ளிகள் முடிந்தவரை குறைத்து வைத்திருக்கின்றன. முறை வைத்துப் பிள்ளைகளே சமையலறையில் பாத்திரம் தேய்ப்பார்கள், கழிவறை கூட்டுவார்கள், சில இடங்களில் பண்ணை வேலையும் உண்டு. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 1890இல் தொடங்கிய ஸ்கேட்டர்குட் என்ற குவேக்கர் பள்ளி ஒரு பண்ணையோடு சேர்ந்தது. 1939 முதல் 1943 வரை ஐரோப்பாவிலிருந்து தப்பி வந்த அகதிகளுக்கு அதே கட்டிடங்களைத் தங்குமிடமாகக் கொடுத்திருந்தார்கள். நம் வீட்டில் பிரச்சினை வேலை இல்லை, எச்சில். தன் தட்டைத் தானே கழுவுவாள், யாரோ ஒரு பையன் பாதி தின்று வைத்த தட்டை எப்படித் தொடுவாள்? இதற்குக் குறுக்கு வழி எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஒரு மாதம், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டில் எல்லார் தட்டும் அவள் பொறுப்பு என்று விட்டோம். ஆயா நாலு நாள் பேசவில்லை. பையன் இருந்தால் அவனுக்கும் இதே ஒரு மாதம்தான், அங்கே போனபின் இதில் ஆண்பிள்ளைச் சலுகை எதுவும் கிடைக்காது, அந்தப் பழக்கத்தோடு போகும் பையன்தான் அதிகம் அடிபடுகிறான்.

பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்கு மட்டும் இங்கே பயிற்சி கொடுக்க வழியில்லை, எந்த சாரை அப்படிக் கூப்பிட்டுப் பழக முடியும்? சிலருக்குத் தனி மரியாதைப் பட்டம் கொடுப்பது சமத்துவத்துக்கு ஒத்துவராது என்பது அவர்களின் பழைய எண்ணம், அதனால் பல குவேக்கர் பள்ளிகளில் தலைமை ஆசிரியரையும் பெயர் சொல்லித்தான் அழைக்கிறார்கள். எங்கள் மகள் முதல் இரண்டு வாரம் யாரையுமே கூப்பிடாமல் எதிரில் போய் நின்று ஒப்பேற்றியிருக்கிறாள். அதைவிட, "நீ என்ன நினைக்கிறாய்" என்று டீச்சர் கேட்டால் அது பொறி இல்லை, நிஜமாகவே கேட்கிறார் என்பதைச் சொல்லி அனுப்புங்கள்.

விண்ணப்பக் கட்டுரையைப் பிள்ளையே எழுதட்டும். எங்களுக்கு ஒரு கன்சல்டன்சிக்காரர், பெயர் வேண்டாம், ரெடிமேடாக ஒன்று எழுதிக் கொடுத்தார், நேர்காணலுக்கு மனப்பாடம் செய்ய ஆறு பதிலும் கொடுத்தார். கோர்ட்டில்கூட சத்தியம் செய்ய மறுத்தவர்கள் குவேக்கர்கள். எப்போதும் உண்மை பேசுகிறவனுக்குத் தனியாகச் சத்தியம் எதற்கு என்பது அவர்கள் கேள்வி. அப்படிப்பட்ட இடத்துக்கு இரவல் கட்டுரையோடு போவதா என்று கிழித்துப் போட்டோம்.

ஏதாவது குறை இருந்து நீங்கள் மெயில் போட்டால் மறுநாளே முடிவு வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். குவேக்கர் கூட்டங்களில் ஓட்டெடுப்பு இல்லை, எல்லாரும் ஒரு பக்கம் சாயும் வரை பேசிக்கொண்டே இருப்பார்கள், மாணவர் கூட்டமும் பல இடங்களில் அப்படித்தான். ஃபோன் விதியை மாற்ற வாரக்கணக்கில் பேசினார்களாம். எனக்குப் பொறுமை போய்விட்டது, மகளுக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

காகித வேலையில், பள்ளி அனுப்பும் ஐ-20 என்ற சேர்க்கைப் படிவம் வந்ததும், வெளிநாட்டு மாணவர்களைப் பதிவு செய்யும் அமெரிக்க அரசின் செவிஸ் கட்டணம் 350 டாலர் கட்டிவிட்டு எஃப்-1 மாணவர் விசாவுக்கு நேரம் வாங்க வேண்டும். தடுப்பூசி அட்டையை இப்போதே தேடி வையுங்கள். டி.பி. சோதனை கேட்டால் ரத்தப் பரிசோதனையை ஏற்பார்களா என்று பள்ளி நர்ஸிடம் கேளுங்கள், ஏனென்றால் குழந்தையில் போட்ட பி.சி.ஜி. ஊசியால் தோல் சோதனை நோய் இல்லாமலே தடித்துக் காட்டக்கூடும், ரத்தச் சோதனையில் அந்தக் குழப்பம் வராது. பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய ஒரே கேள்வி, நவம்பர் கடைசியிலும் கிறிஸ்துமஸுக்கும் ஹாஸ்டலை மூடினால் பிள்ளை எங்கே தங்கும் என்பது. வீட்டிலிருந்து வரும் மாணவர்களின் குடும்பங்கள் பல சமயம் அழைத்துப் போவார்கள், ஆனால் அதை நம்பி டிக்கெட் போடாமல் இருக்காதீர்கள், எழுத்தில் வாங்குங்கள்.

பெட்டியில் பருப்புப் பொடி, ஊறுகாய் பாட்டில் போகலாம். பச்சைக் கறிவேப்பிலை வேண்டாம், அமெரிக்க விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள். ஊதுபத்தி, கற்பூரம், அகல் விளக்கு எதுவும் ஹாஸ்டல் அறைக்கு ஆகாது, புகை பட்டாலே மணி அடித்து எல்லாரும் நடு ராத்திரியில் பனியில் நிற்க வேண்டிவரும்.

ஃபோன் நேரம். நம்ம காலை ஆறரை மணி என்றால் அங்கே முந்தின நாள் இரவு ஒன்பது. நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரத்தைப் பின்னால் தள்ளிவிடுவார்கள், அதற்கப்புறம் அதே ஆறரை அங்கே இரவு எட்டு, அது படிப்பு நேரம், கையில் ஃபோன் இருக்காது. மார்ச் வரைக்கும் ஏழரைக்குக் கூப்பிடுங்கள். இதை காலண்டரில் பெரிய எழுத்தில் எழுதி ஆயா கண்ணில் படுகிற இடத்தில் மாட்டிவிடுங்கள்.