சைக்கிளில் 'கிறுக்' சத்தம்: கழற்றும் முன் கண்டுபிடிப்பது எப்படி?

மிதிக்கும்போது 'கிறுக்', 'டக்' என்று சத்தம் வந்தால் எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது பாட்டம் பிராக்கெட்டை, அதாவது பெடல் கைகளின் அச்சு சுழலும் இடத்தைத்தான். என் சைக்கிளிலும் சத்தம் அங்கிருந்தே வருவது போலத்தான் கேட்டது. கடைசியில் பார்த்தால் கோளாறு சீட்டுக்கு அடியில். பிரேம் முழுக்க உள்ளீடற்ற குழாய்கள்தானே, ஓரிடத்தில் உரசுவது இன்னோரிடத்தில் கேட்கும். அதனால் காதை ரொம்ப நம்ப வேண்டாம். எப்படி ஓட்டினால் சத்தம் வருகிறது, எப்படி ஓட்டினால் நிற்கிறது என்று பாருங்கள்.

1. ஓட்டிப் பாருங்கள்

செயினைத் துடைத்து எண்ணெய் விட்டாயிற்று என்றே வைத்துக்கொள்கிறேன். ஆள் நடமாட்டம் இல்லாத சாலையில் கொஞ்சம் வேகம் எடுத்து, மிதிப்பதை நிறுத்துங்கள். சத்தம் தொடர்ந்தால் சக்கரம், ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி), பிரேக் பக்கம் தேட வேண்டும். நின்றுவிட்டால் அடுத்த சோதனை: எழுந்து நின்று மிதியுங்கள். உட்கார்ந்து மிதிக்கும்போது மட்டும் வருவது பெரும்பாலும் சீட்டு அல்லது அதைத் தாங்கும் தண்டான சீட் போஸ்ட். ஹேண்டில்பாரை இழுத்து மிதிக்கும்போது மட்டும் வந்தால் ஸ்டெம் (ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் பகுதி), ஹெட்செட் (அது திரும்ப உதவும் பேரிங்).

தாளத்தையும் கவனியுங்கள். கிராங்க் (பெடல் மாட்டியிருக்கும் கை) ஒரு சுற்று வர ஒரு 'டக்' என்றால் பெடலையோ கிராங்கையோ பாருங்கள். இரண்டு மூன்று சுற்றுக்கு ஒரு முறை என்றால் செயினில் ஏதோ ஒரு கண்ணி இறுகியிருக்கும். முன் பல்சக்கரத்தில் 44 பல், செயினில் 110 கண்ணி என்றால், செயின் ஒரு முழுச் சுற்று வர கிராங்க் இரண்டரை முறை சுற்ற வேண்டும், கணக்கு அதுதான்.

2. சீட்டும் சீட் போஸ்ட்டும்

என்னை அதிகம் அலைக்கழித்தது இந்த இடம்தான். ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு இடமும் வலமும் அசைகிறது, சீட்டு மேல் விழும் பாரமும் மாறி மாறி விழுகிறது. அதனால் சீட்டின் சத்தமும் பெடலின் தாளத்திலேயே வரும். ஏமாறுவது இங்கேதான்.

உயரத்தை டேப் ஒட்டிக் குறித்துக்கொண்டு போஸ்ட்டை உருவுங்கள். போஸ்ட்டையும் குழாயின் உட்புறத்தையும் துணியால் நன்றாகத் துடைத்து, மெல்லிசாக கிரீஸ் தடவுங்கள். பிரேமோ போஸ்ட்டோ கார்பன் என்றால் கிரீஸ் வேண்டாம், அதற்கென்றே கார்பன் பேஸ்ட் இருக்கிறது. திரும்பப் போடும்போது போஸ்ட் குறைந்தது எவ்வளவு உள்ளே போக வேண்டும் என்று அதில் போட்டிருக்கும் கோடு வெளியே தெரியக் கூடாது.

பலர் இதோடு நிறுத்திவிடுவார்கள். சீட்டின் அடிக்கம்பிகளைப் பிடித்திருக்கும் கிளாம்பையும் கழற்ற வேண்டும். அங்கே படிந்த மண்தான் என் விஷயத்தில் கத்திக்கொண்டிருந்தது. துடைத்து, போல்ட் மரையிலும் கம்பி உட்காரும் பள்ளத்திலும் துளி கிரீஸ் வைத்து முறுக்குங்கள். இரண்டு போல்ட் இருந்தால் கொஞ்சம் இது, கொஞ்சம் அது என்று மாற்றி மாற்றி. பிறகு சீட்டின் முன்னையும் பின்னையும் பிடித்து முறுக்கிப் பாருங்கள். மிச்சம் ஏதும் இருந்தால் கையிலேயே தெரிந்துவிடும்.

3. பெடல்

இடது பெடலுக்கு மரை தலைகீழ். குழம்பாமல் இருக்க ஒரு வழி: ஸ்பேனரை மேல்நோக்கி நிற்கும்படி மாட்டுங்கள். பின்சக்கரத்தின் பக்கம் தள்ளினால் இரண்டு பெடலுமே கழலும், முன்சக்கரத்தின் பக்கம் தள்ளினால் இறுகும். மரையைத் துடைத்து கிரீஸ் தடவி நன்றாக இறுக்குங்கள். பாதிச் சத்தங்கள் இங்கேயே அடங்கிவிடும் என்பது என் அபிப்பிராயம்.

4. கிராங்க், அப்புறம்தான் பாட்டம் பிராக்கெட்

கிராங்க் போல்ட், பல்சக்கர போல்ட்கள் இறுக்கமா என்று பாருங்கள். கிராங்கைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால்தான் பாட்டம் பிராக்கெட்டுக்குப் போக வேண்டும். பரவலாக இருக்கும் ஆங்கில மரை வகையில் வலது கப் எதிர்த்திசையில் கழலும். மரையே இல்லாமல் அழுத்திப் பொருத்திய வகை என்றால் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

ஒவ்வொன்றாகச் செய்து, ஒவ்வொரு முறையும் ஓட்டிப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் கழற்றி மாட்டினால் எது காரணம் என்று தெரியாமலே போகும்.

கருவியில் காசு செலவழிப்பதென்றால் டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஸ்பேனர்) வாங்குங்கள். ஸ்டெம்மிலும் கிளாம்பிலும் '5 நியூட்டன் மீட்டர்' போல ஓர் எண் அச்சிட்டிருப்பார்கள், சும்மா இல்லை. ஸ்ப்ரே எண்ணெயை நான் இந்த வேலைக்குத் தொடுவதே இல்லை. சத்தம் சில நாள் அடங்கும், கூடவே தடயமும் அழியும். டிஸ்க்கிலோ ரிம்மிலோ பட்டுவிட்டால் பிரேக் பிடிக்காது.

பின்னர் சேர்த்தது: எல்லாம் செய்தும் சத்தம் போகவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். பின்சக்கரத்தைக் கழற்றி, அச்சு பிரேமில் உட்காரும் இடத்தைத் துடைத்து மாட்டுங்கள். பின்பக்கம் கியர் மாற்றும் டிரெய்லியர் தொங்கும் ஹேங்கரின் போல்ட், பாட்டில் கூண்டின் திருகு, பிரேமில் தட்டும் கேபிள் முனை இவற்றையும் விடாதீர்கள். வெல்டிங் அருகே பெயின்டில் மயிரிழைக் கோடு தெரிந்தால் மட்டும் ஓட்டுவதை உடனே நிறுத்திவிட்டு, தெரிந்தவரிடம் காட்டுங்கள்.